தொடக்கப்பள்ளியில் பருவநிலை அறிவியல்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது?

தோட்டப்பள்ளி அறிவியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அறிவியல் கற்பித்து வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் செம்பனைத் தோட்டத்திலும் எண்ணெய் ஆலையிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள். பருவநிலை மாற்றத்தை அடுத்த ஆண்டு முறையாகக் கற்பிக்க விரும்புகிறேன். அதற்கு முன் பெற்றோரின் கருத்தையும் இந்த ஊரை நன்கு அறிந்த பெரியவர்களின் கருத்தையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுற்றுச்சூழல் வாரம் வந்தால் பிள்ளைகள் அழுகின்ற பூமியை வரைந்து, அதன் வாயில் வெப்பமானியை வைத்து, கீழே ‘மரம் நடுவோம்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஓவியம் அழகாகவே இருக்கிறது. ஆனால் பூமி ஏன் சூடாகிறது என்று கேட்டால் ஒருவர் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் குப்பையைக் கண்ட இடத்தில் போடுவதால் என்கிறார், மூன்றாமவர் புகைமூட்டத்தால் என்கிறார். இவை வெவ்வேறு சிக்கல்கள். ஓசோன் படலத்தைக் கெடுத்தவை முக்கியமாகப் பழைய குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த வாயுக்கள். 1987-ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அவற்றின் பயன்பாடு பெருமளவு ஒழிந்து, அந்தப் படலம் மெல்ல மீண்டு வருகிறது. கால்வாயை அடைக்கும் நெகிழிப் பை திடீர் வெள்ளத்துக்குக் காரணமாகலாம். அது பூமியைச் சூடாக்குவதில்லை. புகைமூட்டத் துகள்கள் நுரையீரலைக் கெடுக்கும்; ஆனால் அவை வெயிலின் ஒரு பகுதியை மறைக்கவே செய்கின்றன. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, பருவநிலையைக் கற்பித்துவிட்டோம் என்று நாம் நிறைவடைவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே முழக்கத்திலிருந்து தொடங்காமல் அளவீட்டிலிருந்து தொடங்க நினைக்கிறேன். ஒரு மழைமானி, நிழலில் தொங்கும் ஒரு வெப்பமானி, தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் போதும். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு பள்ளி நாளும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுவார்கள். ஆறாம் ஆண்டை முடிக்கும்போது அந்தப் புத்தகத்தை அடுத்த அணியிடம் ஒப்படைப்பார்கள். உற்றறிதல், அளவிடுதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்று நம் கலைத்திட்டம் வலியுறுத்தும் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் அனைத்தும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வானிலை என்பது இன்றைய மழை. பருவநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுகளின் சராசரி. இந்த வேறுபாட்டை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட, தம் கையால் நிரப்பிய பக்கங்களைப் புரட்டி உணர்வதே நிலைக்கும்.

எண்ணெய் ஆலைத் தொழிலாளர், நான்காம் ஆண்டு மாணவியின் தந்தை:

ஆசிரியைக்கு வணக்கம். உங்கள் முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆயினும் ஒரு தந்தையாக என் கவலையைச் சொல்லியாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் என் மகள் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, நான் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, “அப்பா, நீங்கள் வேலை செய்யும் ஆலைதான் உலகத்தைச் சூடாக்குகிறதா?” என்று கேட்டாள். அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். என் தந்தை அதே நிலத்தில் செம்பனைக் குலை வெட்டினார். நான் ஆலையில் இருக்கிறேன். மூன்று தலைமுறை உழைத்துப் பிழைத்த தொழிலை ஒரே வரியில் பாவம் என்று சொல்லும் பாடத்தை என் பிள்ளை படிப்பதை என்னால் ஏற்க இயலாது. அதே வேளையில், பொய்யைச் சொல்லி அவளைத் தேற்றுவதையும் நான் விரும்பவில்லை. எங்கள் தொழிலைப் பற்றி வகுப்பில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால், வீட்டில் அதைத் தொடர்ந்து பேச எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி:

மழை அளப்பது தோட்டத்துக்குப் புதிய செய்தி அன்று, ஆசிரியை அவர்களே. தோட்ட அலுவலகத்தின் முன்னால் செம்பு மழைமானி ஒன்று இருக்கும். காலையில் அதைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுதுவது தோட்ட எழுத்தர்களான எங்கள் அன்றாட வேலை. மழையில் பட்டை நனைந்துவிட்டால் அன்று மரம் சீவ முடியாது. ஆகவே எத்தனை நாள் வேலை கெட்டது என்பதற்கு மழைக் கணக்கே சான்று. உரம் போடும் நாளையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், ஏனெனில் உரம் போட்ட மறுநாள் கனமழை பெய்தால் பணம் கால்வாயில் ஓடிவிடும்.

பழைய புத்தகங்களில் மழை அங்குலத்தில் எழுதப்பட்டிருக்கும். பின்னர் மில்லிமீட்டருக்கு மாறினோம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், பிள்ளைகள் மாற்றிக் கணக்கிட்டால் கணிதப் பாடமும் ஆயிற்று. பல தோட்டங்கள் கைமாறியபோது இப்படிப்பட்ட புத்தகங்கள் பழைய தாளோடு தாளாகப் போய்விட்டன. எஞ்சியிருப்பவற்றைப் பார்வையிட அனுமதி கேட்டு, பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம். எழுத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் செம்பனை வாணிபப் பயிராக முதன்முதலில் நடப்பட்டதே நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் மழையையும் வெயிலையும் நம்பிப் பயிர் செய்த மண்ணில் பருவநிலையைக் கற்பிக்க வெளியூர்ப் படம் எதற்கு?

இயற்பியல் கற்பிப்பவர்:

ஆசிரியையின் திட்டம் சரியான திசையில் செல்கிறது. அதனாலேயே இரண்டு எச்சரிக்கைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பல பள்ளிகளில் செய்யப்படும் அந்த இரண்டு போத்தல் பரிசோதனை. ஒரு போத்தலில் சாதாரணக் காற்று, மற்றொன்றில் சமையல் சோடாவும் புளிக்காடியும் கலந்து கிடைத்த கரிவளி (கார்பன் டை ஆக்சைடு). இரண்டையும் விளக்கின் கீழ் வைத்தால் கரிவளி உள்ள போத்தல் சற்றுக் கூடுதலாகச் சூடாகும். இதைக் காட்டி ‘இதுதான் பூமியில் நடப்பது’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் போத்தலில் காணும் வேறுபாட்டுக்குக் கரிவளி காற்றைவிடக் கனமானது என்பதும், அதனால் உள்ளே காற்றோட்டம் தடைபடுகிறது என்பதும் பெரும் காரணமாகின்றன. வளிமண்டலத்தில் நடப்பது வேறு. வெயிலால் சூடான தரை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளிவிடுகிறது. காற்றில் மிகுதியாக உள்ள நைட்ரஜனும் உயிர்வளியும் அதை ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. நீராவி, கரிவளி, மீத்தேன் ஆகியவை அதை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகின்றன. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். 1859-இல் ஜான் டிண்டல் இந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதையே கருவி கொண்டு அளந்தார். ஒரு பெண் தன் வீட்டுப் பொருள்களைப் போன்ற எளிய கருவிகளால் இக்கேள்வியைக் கேட்டார் என்பதை நம் மாணவிகள் அறிய வேண்டும்.

போத்தலுக்குப் பதிலாக வேறொன்றைப் பரிந்துரைக்கிறேன், அதற்குச் செலவே இல்லை. இரவு வானம் மேகமற்றுத் தெளிவாக இருந்ததா, மூடிக்கிடந்ததா என்று பிள்ளைகள் படுக்கப் போகும் முன் குறித்துக்கொள்ளட்டும். விடியற்காலையில் வீட்டு வாசலில் வெப்பநிலையைப் பார்க்கட்டும். மழை பெய்த இரவுகளைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். தெளிந்த இரவுக்குப் பின் விடியல் குளிர்ந்திருப்பதும், மேகம் மூடிய இரவுக்குப் பின் புழுக்கமாக இருப்பதும் பெரும்பாலும் எண்களில் தெரியும். விடியலில் மரம் சீவப் போனவர்கள் அனைவரும் உடலால் அறிந்த உண்மை இது. மேகமும் நீராவியும் போர்வைபோல வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. கரிவளி மேகத்தைப்போல் வந்து போகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சேர்கிறது. 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரிவளி, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்தது. கீலிங் வரைபடத்தை ஆறாம் ஆண்டு மாணவர் தாமே வரையலாம்.

இரண்டாவது எச்சரிக்கை மழைப் புத்தகம் பற்றியது. ஓர் இடத்து மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் குறையும், அடுத்து ஏறும். பக்கத்து மரம் வளர்ந்தாலோ மழைமானி இடம் மாறினாலோ கணக்கும் மாறும். எனவே பழைய புத்தகத்தைப் பார்த்ததும் ‘மழை குறைந்துவிட்டது’ என்றோ ‘கூடிவிட்டது’ என்றோ பிள்ளைகளிடம் முடிவை வாங்க முயல வேண்டாம். தெளிவான மாற்றம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதட்டும். நம் ஊர்ப் புத்தகம் ஒன்றால் உலகம் சூடாவதை நிறுவ முடியாது. உலகெங்கும் இப்படி எழுதிவைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வெப்பநிலைப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தே, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகள் 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் சூடானவை என்று அறிவியலாளர் கணித்தார்கள். தாம் எழுதும் பக்கமும் அப்படிப்பட்ட பெரிய வேலையின் இனத்தைச் சேர்ந்தது என்று பிள்ளைகள் உணர்வதே பயன்.

ஒன்றாம் ஆண்டு மாணவனின் தாய்:

எல்லாரும் மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாமில் வெள்ளம் வந்தபோது என் அக்காவின் குடும்பம் வீட்டின் மேல்மாடியில் இரவு முழுவதும் காத்திருந்தது. அன்று மூன்று வயதாக இருந்த அக்கா மகள் இன்றும் பலத்த மழை பெய்தால் தாயின் கையை விடுவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘இனி வெள்ளம் கூடும், வெயில் கூடும்’ என்று பாடம் நடத்துவது சரியா? எந்த வயதில் எதைச் சொல்வது என்பதைத் தீர்மானிக்காமல் இதைத் தொடங்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டப்பள்ளி அறிவியல் ஆசிரியை:

அம்மா, உங்கள் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. முதல் மூன்று ஆண்டுகளில் பருவநிலை மாற்றம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் முடிவு. அந்த வயதில் மழை எங்கிருந்து வருகிறது, நிழல் ஏன் குளிர்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றைத் தொட்டுப் பார்த்து அறிந்தால் போதும். அஞ்சிய பிள்ளைக்கு அதுவே துணை செய்யும் என்றும் நம்புகிறேன். மழை பெய்து முடிந்ததும் மழைமானியில் 50 மில்லிமீட்டர் இருக்கிறது என்று படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு சதுர மீட்டர் தரையில் 50 லிட்டர் விழுந்திருக்கிறது என்பது புரியும். 200 சதுர மீட்டர் கூரையில் அது 10,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரும் எந்தக் கால்வாய் வழியாகப் போகிறது, அது அடைபட்டால் எங்கே ஏறும், அப்போது நாம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று மேல்வகுப்பில் கணக்கிட்டுப் பேசலாம். என்ன செய்வது என்று தெரியாதபோதுதான் அச்சம் பெருகுகிறது.

தந்தையார் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லக் கூடாது. காடு இருந்த இடத்தை எரித்துச் செம்பனை நட்டால் மரங்களில் சேர்ந்திருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. சதுப்பு நிலத்தை வடித்து நட்டால் இன்னும் அதிகம். ஆனால் உங்கள் தாத்தா சீவிய பால்மரத் தோட்டத்திலேயே செம்பனை வைக்கப்பட்டதென்றால் அந்தக் கணக்கு வேறு. செம்பனை ஒரு ஹெக்டரில் சோயாவைப்போலப் பல மடங்கு எண்ணெய் தருகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். உலகக் கரிவளியின் மிகப் பெரிய பங்கு நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதிலிருந்து வருகிறது என்பதையும் பிள்ளை அறிய வேண்டும். இவை அனைத்தையும் வகுப்பில் வைப்பேன். தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் ஒரு வாக்கியமும் என் வகுப்பில் இடம்பெறாது. நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் குலை வெட்டுபவர் முடிவு செய்வதில்லை.

கூட்டு வகுப்பு ஆசிரியர்:

நானும் ஒரு சிறிய தோட்டப்பள்ளியில் பணிபுரிகிறேன். மாணவர் குறைவு என்பதால் இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறோம். புதிய பாடம் என்று வந்தால் அதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மதிப்பீட்டுப் பதிவுகளுக்கே மாலைப் பொழுது போய்விடுகிறது. இத்தாலி 2020 முதல் ஆண்டுக்கு 33 மணி நேரம் ஒதுக்கப் போவதாக 2019-இல் அறிவித்ததையும், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2022 முதல் எல்லா வகுப்புகளிலும் பல பாடங்களுக்குள் இதைச் சேர்த்ததையும் படித்தேன். நியூ ஜெர்சியின் வழியே நமக்குப் பொருந்தும். தனிப் பாடம் வேண்டாம். மழைச் சராசரி கணிதத்துக்குள் போகட்டும். ‘வெயில் கடுமையாக இருந்த ஆண்டு’ பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுவது தமிழ்மொழிக் கட்டுரையாகட்டும். பெரிய பிள்ளை அளக்க, சின்னப் பிள்ளை எழுத, கூட்டு வகுப்பில் இது இயல்பாகவே நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானிலை ஆய்வுத் துறை ஓர் இடத்தில் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அப்போது திடல் நடவடிக்கைகளை நிறுத்துகிறோம். ஏன் நிறுத்துகிறோம் என்று பிள்ளைகளுக்கு விளக்குவதில்லை. உடற்கல்வி இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரமே இப்பாடத்துக்குப் போதுமானது.

எண்ணெய் ஆலைத் தொழிலாளர், நான்காம் ஆண்டு மாணவியின் தந்தை:

விளக்கத்துக்கு நன்றி, ஆசிரியை. இப்படி என்றால் நானே வகுப்புக்கு வந்து பேசத் தயார். ஆலைக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குளங்களைப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். காற்று வாக்கில் அந்த வாடை குடியிருப்பு வரை வரும். குலைகளை நீராவியில் வேகவைத்துப் பிழிந்த பிறகு வரும் பழுப்புக் கழிவுநீர் அங்கே காற்றின்றிப் புளித்து, குமிழ் குமிழாக வாயுவை விடும். அதில் பெரும்பகுதி மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையாக வெப்பத்தைப் பிடிக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் நாட்டில் உள்ளன. தீங்கு எங்கே உண்டாகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்ற இரண்டையும் ஒரே குளத்தில் காட்ட முடியும். என் மகளுக்குத் தர வேண்டிய பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல் நினோ வறட்சி முடிந்து ஓராண்டு கழிந்தும் குலை குறைவாக வருவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். வறட்சியில் மரம் ஆண் பூவை அதிகமாக விடும். அதன் விளைவு பல மாதங்களுக்குப் பிறகே ஆலைக் கதவில் தெரியும்.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி:

சதுப்பு நிலம் என்று ஆசிரியை சொன்னதால் ராஜா மூசா வனக் காப்பகத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. அங்குள்ள கம்புட் மண், தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததால் மட்கி முடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும்தான். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அது காய்ந்து மட்கத் தொடங்கும்; தீப்பற்றினால் நெருப்பு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து, ஓரிடத்தில் அணைத்தால் வேறிடத்தில் புகையும். வறண்ட மாதங்களில் அந்தப் புகை இங்கே வந்த நாள்கள் பலருக்கும் நினைவிருக்கும். 2008 முதல் அங்கே கால்வாய்களைத் தடுத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டு மீட்டு வருகிறார்கள். ‘மரம் நடுவோம்’ என்று எழுதும் பிள்ளைகள், சில இடங்களில் மரத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கே நேரில் தெரிந்துகொள்வார்கள்.

ஒன்றாம் ஆண்டு மாணவனின் தாய்:

ஆசிரியையின் விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. மேல்வகுப்பிலும் பேரிடர்க் காணொளிகளைத் திரையிட வேண்டாம் என்ற ஒரே வேண்டுகோளை மட்டும் வைக்கிறேன். அவற்றைப் பிள்ளைகள் கைப்பேசியில் தேவைக்கு மேல் பார்க்கிறார்கள்.

தோட்டப்பள்ளி அறிவியல் ஆசிரியை:

காணொளி திரையிட மாட்டேன், அம்மா. போத்தல் பரிசோதனைக்குப் பதிலாக இரவு வானக் குறிப்பை ஐந்தாம் ஆண்டு வெப்பப் பாடத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். கடல்மட்டத்துக்கு, மிதக்கும் பனிக்கட்டி உருகினால் குவளை நீர் ஏறுவதில்லை, கல்மேல் வைத்த பனிக்கட்டி உருகினால் ஏறுகிறது என்ற எளிய சோதனை போதும். கோலசிலாங்கூர்க் கரையோரத்து மண் தடுப்பைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். கூட்டு வகுப்பு ஆசிரியர் சொன்னபடி கணிதத்தையும் தமிழ்மொழியையும் இணைத்தே திட்டமிடுகிறேன். நம் இரு பள்ளிகளும் ஒரே நேரத்தில் அளந்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எண்களைப் பரிமாறிக்கொண்டால், சில கிலோமீட்டர் தூரத்திலேயே மழை எவ்வளவு மாறுபடுகிறது என்று பிள்ளைகள் காண்பார்கள்.

கிராணி ஐயா, கடிதத்தின் வரைவை அனுப்பிவையுங்கள். தலைமையாசிரியரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்கிறேன். மழைமானியை எங்கே நிறுத்துவது என்பதிலும் உங்கள் உதவி தேவை. திடலின் ஓரத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒரு மாமரம் நிற்கிறது.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி:

மரத்தின் உயரத்தைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். கூரைக்கும் அதே கணக்கு. வாய் சமமட்டமாக இருக்க வேண்டும். பந்து படாதபடி சுற்றிலும் தாழ்வான வேலி போட்டால் போதும். உயர்ந்த வேலி மழையை மறைக்கும். சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வருகிறேன்.